கடற்பாசிச் சாறும் கன உலோக நஞ்சும்

திருவொற்றியூரில் வாழ்வோர்க்குக் கடற்பாசி புதியதொரு பொருளன்று. கடலரிப்பைத் தடுத்தற்பொருட்டு இடப்பட்ட கற்களின்மீது அது பசும்பட்டு விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கும். அதில் வழுக்கி வீழ்ந்தோருள் யானும் ஒருவன். அதனாற் பயன் யாதென்று வினவினால் வலை உலர்த்துவோர் நகைப்பர். ஆயினும், பாசியினத்தைச் சார்ந்த சிலவற்றின் சாறு, கன உலோக நஞ்சேறிய மண்ணிலும் பயிரைத் தாங்கி நிற்கச் செய்யும் எனத் தாவர நூலார் கூறுகின்றனர். அக்கூற்று நம்மூர்க்கு எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

காட்மியம், ஈயம், குரோமியம், பாதரசம் முதலியன கன உலோகங்கள் எனப்படும். ஆர்சனிக்கையும் இவற்றோடு சேர்த்தெண்ணுதல் வழக்கம். எண்ணூரில் 1970-ஆம் ஆண்டு தொடங்கி 2017-இல் மூடப்பட்ட அனல் மின்நிலையமும், அதன்பின் இப்பகுதியில் எழுந்த பிறவும் எரித்த நிலக்கரியின் சாம்பல், கொசத்தலையாற்றுக் கழிமுகத்திற் படிந்திருப்பதை அவ்வழிச் செல்வோர் யாவரும் கண்டிருப்பர். நிலக்கரியில் மிகச் சிறிதாக விரவியிருந்த உலோகம், கரி எரிந்தொழிந்தபின் சாம்பலிற் செறிந்து நிற்கும். இலையும் தழையும் மண்ணிற் கிடந்து மட்கும், உலோகமோ மட்குவதில்லை. ஒருமுறை வந்து தங்கியது பல தலைமுறைக்கும் தங்கும்.

காட்மியத்தாற் செடிக்கு யாதொரு பயனுமில்லை. எனினும், துத்தநாகத்திற்கும் இரும்பிற்கும் வேர் திறந்து வைத்திருக்கும் வாயில்களின் வழியே அஃது உள்ளே புகுந்துவிடுகிறது. புகுந்தபின், உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் வகைகள் பெருகுகின்றன, வேர் குறுகுகிறது, பச்சையம் குன்றி இலை மஞ்சளிக்கிறது. அகப்பொருள் பயிலும் எம்போலியர்க்கு இதனைப் பசலை என்றே சொல்லத் தோன்றும். செடியும் வாளா இருப்பதன்று. தன்னுள் பைட்டோகெலாட்டின் என்னும் சிறு துணுக்குகளை ஆக்கி, அவற்றால் உலோகத்தைப் பிணித்து, உயிரணுவின் உள்ளறையொன்றில் அடைத்துவிடும். இதனைச் செருமானிய அறிஞர் 1985-ஆம் ஆண்டு கண்டு வெளியிட்டனர்.

இப்போராட்டத்திற் செடிக்குத் துணை நிற்பதே பாசிச் சாறு. நம் நாட்டில் இதற்குப் பெயர்பெற்றது இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடற்கரை. அங்கே கப்பாபைக்கஸ் என்னும் பாசியை மூங்கில் மிதவைகளிற் கட்டிக் கடலில் விடுவர். ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. மகளிர் பலர்க்கு அதுவே தொழில். பவநகரில் 1954-இல் நிறுவப்பெற்ற மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்து, சாற்றை உரத்திற்கும் சக்கையைக் காரஜீனன் எடுத்தற்கும் பயன்கொள்ளும் முறையை வகுத்தனர். (ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குவது அக்காரஜீனனே, உண்போர் அறியார்.) சாற்றில் பொட்டாசியமும், சைட்டோகைனின், ஆக்ஸின் முதலிய வளர்ச்சி ஊக்கிகளும் உள. நூற்றுக்கு 2.5 பங்கு முதல் 15 பங்கு வரை நீரிற் கலந்து இலைமேல் தெளித்துச் சோதித்துள்ளனர். நஞ்சேற்றிய தொட்டி மண்ணிற் செய்த ஆய்வுகள் பலவற்றில், பாசிச் சாறு பெற்ற செடியின் இலை பசுமை குன்றாதிருந்தது. ஆக்ஸிஜன் வகைகளை அடக்கும் நொதிகளும் மிகுந்தன.

இதுகாறும் கூறியவை மகிழ்வூட்டுவன. இனிக் கூறுவதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சாறு செடியின் துன்பத்தைத் தணிக்கிறதேயன்றி, மண்ணிலுள்ள நஞ்சை அகற்றுவதன்று. சாறு பெற்ற செடியினுள் உலோகம் புகுதல் சில ஆய்வுகளிற் குறைந்தது, சிலவற்றில் மிகுந்தது. வாடிய செடி தன் நோயைத் தானே சொல்லும், உண்பவன் விலக்கிவிடுவான். நஞ்சைத் தாங்கித் தளிர்த்து நிற்கும் கீரையோ ஒன்றும் சொல்லாது.

பிறிதொன்றும் உண்டு. பழுப்புப் பாசியிலுள்ள அல்ஜினேட் உலோகத்தை இறுகப் பற்றும் இயல்பினது. அவ்வியல்பே அதனை ஐயத்திற்குரியதாக்குகிறது. மாசுற்ற கடலில் வளரும் பாசி, அக்கடலின் உலோகத்தைத் தன்பாற் சேர்த்து வைத்திருக்கும். 2017-இல் கப்பல்கள் மோதியும், 2023-இல் புயல் வெள்ளத்தோடும் எண்ணெய் பரவிய கரை எண்ணூர்க்கரை. நம் வாயிலிற் கிடைக்கிறதே என்று இக்கற்களின்மேற் பாசியைச் சுரண்டி நிலத்திலிடுதல், நோய்க்கு நோயையே மருந்தாக்குதலாகும்.

எங்கள் ஆயா வீட்டுப் புறத்தே அரைக்கீரை விதைப்பவர். யான் இவற்றைக் கூறியபோது, “கீரை பச்சையாயிருந்தாற் போதாதோ?” என்றார். விடை கூற மண்ணைச் சோதித்தல் வேண்டும். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை முறையில் 12 கூறுகள் ஆராயப்படுகின்றன. துத்தநாகமும் செம்பும் அவற்றுள் உள. காட்மியமும் ஈயமும் இல. ஆதலின் அட்டையில் நன்று என்றிருப்பினும் எம் வினா அவ்வாறே நிற்கும். சுண்ணாம்பிட்டுப் புளிப்பு மண்ணை மாற்றினால் காட்மியம் வேர்க்கு எளிதில் அகப்படாது. மட்கிய எருவும் அதனைப் பிணிக்கும். இலையை விடக் காயில் அது பெரும்பாலும் குறைவாகவே சேரும். இத்துணையும் கேட்டபின் ஆயா, வேற்றிடத்து மண்ணைச் சாக்கில் நிரப்பிக் கீரையை மாடிக்கு ஏற்றினார். பழைய பாத்தியில் இப்பொழுது கனகாம்பரம் நிற்கிறது. அதற்கு மட்டும், கடையில் வாங்கிய பாசிச் சாற்றை யான் தெளித்து வருகிறேன்.