ஈட்டி எறிதலில் இலங்கைக்குத் தங்கம் தந்த தினேஷ் பிரியந்த ஹேரத்

இலங்கைக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த பதக்கங்கள் இரண்டே. 1948 இல் இலண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். 2000 இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் பெற்ற வெண்கலம் பின்னர் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. தங்கம் கிடைக்கவே இல்லை. அந்தத் தங்கத்தைப் பராலிம்பிக்கில் பெற்றுத் தந்தவர் ஹேரத் முதியன்சலாகே தினேஷ் பிரியந்த. நாள் 2021.08.30, இடம் டோக்கியோ. (கொரோனாவினால் ஓராண்டு பிந்தி நடந்தாலும் அப்போட்டியின் பெயர் டோக்கியோ 2020 தான். ஆண்டை எழுதும்போது கவனிக்க.)

இவர் இலங்கை இராணுவத்தின் கஜபா படையணியைச் சேர்ந்தவர். 2008 டிசம்பரில் கிளிநொச்சிச் சமரில் காயமடைந்து ஒரு கையின் செயற்றிறனை இழந்தார். கட்டுரை எழுதும் நம் பிள்ளைகள் சிலர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி யோசிப்பதைக் கண்டிருக்கிறேன். தயங்க வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. அந்த யுத்தத்தில் படைவீரர்கள் கைகால்களை இழந்தார்கள். வன்னியில் வாழ்ந்த பொதுமக்களும் இழந்தார்கள். இரண்டையும் ஒரே பந்தியில் எழுதலாம். இரண்டும் உண்மை.

இனிப் பிரிவைப் பார்ப்போம். பரீட்சையில் பலர் தடுமாறுவது இங்கேதான். தினேஷ் போட்டியிட்டது எஃப் 46 பிரிவில். ‘எஃப்’ என்பது எறிதல் நிகழ்ச்சிகளைக் குறிக்கும். 40 இல் தொடங்கும் பிரிவுகளில் நின்றும், 50 இல் தொடங்கும் பிரிவுகளில் அமர்ந்தும் எறிவார்கள். 46 என்றால் பாதிப்பு பெரும்பாலும் ஒரு கையில். ஆண்களுக்கான ஈட்டி மற்ற வீரர்கள் எறியும் அதே 800 கிராம் ஈட்டிதான். சலுகை எதுவும் இல்லை.

“எறிவது மறு கையால்தானே, இதில் என்ன கஷ்டம்?” என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி. வலக்கையால் எறிபவரைக் கவனியுங்கள். ஓடிவரும்போது இடக்கை உடலைச் சமநிலையில் வைத்திருக்கிறது. இறுதி அடியில் அதே கை முன்னே நீண்டு, பின் சடாரென மார்பை நோக்கி இழுக்கப்படுகிறது. அந்த இழுவையில் உடல் திரும்பி, எறியும் தோளுக்கு வேகம் கூடுகிறது. அந்தக் கை உதவாதபோது, குறைந்த வேகத்தை இடுப்பும் கால்களும் ஈடுசெய்ய வேண்டும். நம்பாவிட்டால் ஒரு கையை முதுகின் பின்னே வைத்துக்கொண்டு, ஆளில்லாத பக்கமாக ஒரு டெனிஸ் பந்தை எறிந்து பாருங்கள்.

2016 ரியோ பராலிம்பிக்கில் தினேஷ் 58.23 மீற்றர் எறிந்து வெண்கலம் பெற்றார். அன்று 63.97 மீற்றர் என்ற உலக சாதனையுடன் தங்கம் வென்றவர் இந்தியாவின் தேவேந்திர ஜஜாரியா. எட்டு வயதில் மின்கம்பியைத் தொட்டு இடக்கையை இழந்த ராஜஸ்தான் கிராமத்துச் சிறுவன் அவர். 2004 ஏதென்ஸிலும் தங்கம் அவருக்கே. ஐந்து ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் தினேஷ் எறிந்தது 67.79 மீற்றர். புதிய உலக சாதனை. ஜஜாரியா 64.35 மீற்றருடன் வெள்ளியும், சுந்தர் சிங் குர்ஜார் 64.01 மீற்றருடன் வெண்கலமும் பெற்றனர். கணக்கிட்டுப் பாருங்கள்: மூவருமே பழைய சாதனையைக் கடந்துவிட்டனர். அத்தகைய போட்டியில் கிடைத்த தங்கம் இது.

அதே நாளில் எஃப் 64 பிரிவு ஈட்டி எறிதலில் துலான் கொடித்துவக்கு வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் அவர் அதனை வெள்ளியாக்கினார். தினேஷின் சாதனையோ நிலைக்கவில்லை. 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய பரா விளையாட்டில் அதே குர்ஜார் 68.60 மீற்றர் எறிந்து அதனை முறியடித்தார். எனவே “இன்றும் உலக சாதனையாளர்” என எழுதினால் பிழை.

சொற்களிலும் கவனம் வேண்டும். ‘ஊனமுற்றவர்’ என்பதை விடுத்து ‘மாற்றுத்திறனாளி’ என எழுதுக. ‘பாவம்’, ‘பரிதாபத்திற்குரிய’ போன்ற அடைமொழிகள் வேண்டவே வேண்டாம். 67.79 மீற்றர் எறிந்தவரிடம் பரிதாபப்பட என்ன இருக்கிறது?

பயிற்சி வினாக்கள்

1. எஃப் 46 பிரிவில் அடங்குவோர் யாவர்?
2. ஈட்டி எறிதலில் எறியாத கையின் பயன்கள் இரண்டு தருக.
3. ரியோவில் எறிந்ததைவிட டோக்கியோவில் தினேஷ் எத்தனை மீற்றர் கூடுதலாக எறிந்தார்? (விடை: 9.56)
4. உமது பாடசாலை மைதானம் சரிவில் அமைந்துள்ளது எனக் கொள்க. மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் இல்ல விளையாட்டுப் போட்டியில் பங்குபற்ற அங்கு செய்ய வேண்டிய மாற்றங்களைக் குறிப்பிட்டு அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுக.