கேஸ் ஷீட்டில் ஒரு தாள்

மேட்டூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. "எல்லாருக்கும் எப்படி அத்தே உட்கார்ந்து ரிஸ்க் கணக்குப் போட முடியும்? யாருக்கு ரத்தம் உறையும்னு பார்த்தாலே தெரியும்" என்றாய். வார்டு நிரம்பி வழிகிறது, ராத்திரி முழுக்க எமர்ஜென்சி, நின்றுகொண்டே இரண்டு இட்லி. உன் பாடு எனக்குத் தெரியாததா? சர்ஜிக்கல் வார்டில் சிஸ்டராகவே காலம் தள்ளியவள் நான். கேட்டதும் திட்டத்தான் வாய் வந்தது. அதனால்தான் போனை வைத்துவிட்டுக் கடுதாசி எழுத உட்கார்ந்தேன்.

பார்த்தாலே தெரிந்திருந்தால் உன் தாத்தா போயிருப்பாரா? ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வேளை தவறாமல் வயிற்றில் ஊசி, காலில் ஸ்டாக்கிங், பிடித்து நடக்கவைக்க ஆள். அவருடைய மருமகன் தாசில்தார். தாத்தா வாய் திறந்து ஒன்று கேட்கமாட்டார், உனக்கே தெரியும். "பெரியவர் தொந்தரவே தராமப் படுத்திருக்கார்" என்று அங்கே பாராட்டு வேறு. இடது கெண்டைக்கால் வீங்கியதை உன் அப்பன்தான் முதலில் பார்த்தான். கட்டு இறுக்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் தர்மபுரியில் டூட்டியில் இருந்தேன். மறுநாள் விடியற்காலை எழுந்து இரண்டு எட்டு வைத்தவர் மூச்சு வாங்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரி என்று இப்போது எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த டாக்டர் கெட்டவரும் இல்லை. கேட்கிற ஆளுக்குக் கிடைத்தது, கேட்காத ஆளுக்குக் கிடைக்கவில்லை.

"நம்ம ஊர்க்காரங்களுக்கு ரத்தக்கட்டி அவ்வளவா வராது" என்று உன் சீஃப் சொன்னதாகவும் சொன்னாய். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே கேட்ட பேச்சு அது. வேலூர் சிஎம்சியில் 1996 முதல் 2005 வரை வந்த நோயாளிகளைக் கணக்கெடுத்து, பத்தாயிரம் அட்மிஷனுக்குப் பதினேழு பேருக்குமேல் கால் நரம்பில் ரத்தக்கட்டி என்று எழுதினார்களே, அவர்களெல்லாம் வெள்ளைக்காரர்களா? ரத்தக்கட்டித் தடுப்பு யாருக்குக் கிடைக்கிறது என்று 32 நாடுகளில் பார்த்த எண்டோர்ஸ் ஆய்வில் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளும் இருந்தன. உலகக் கணக்கில், ஆபத்து இருந்த ஆபரேஷன் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முறையான தடுப்பு கிடைத்திருந்தது. இந்தியாவில் நூற்றுக்குப் பதினாறு பேருக்குத்தான். இத்தனைக்கும் மலிவான ஹெப்பாரின் ஊசியைக் கொஞ்சமாகப் போட்டாலே உயிர் தப்பும் என்று 1975லேயே காட்டியவர் விஜய் காக்கர், நம் வம்சாவளி சர்ஜன். நாலாயிரம் பேரை வைத்துப் பார்த்தார். ஊசி போடாத பக்கம் நுரையீரலில் கட்டி அடைத்து இறந்தவர்கள் 16 பேர், போட்ட பக்கம் 2 பேர்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறதே, 1916ல் ஒரு மாணவர் ஹெப்பாரினைக் கண்டெடுத்த இடம், அங்கேயே இந்தத் தடுப்பு மருந்து எல்லாருக்கும் ஒன்றுபோல எழுதப்படவில்லை. ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. தோல் நிறத்திலும் வித்தியாசம். டாக்டர்களைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ரிஸ்க் கட்டங்களை நிரப்பினால்தான் கம்ப்யூட்டர் மேலே போகவிடும் என்று ஆக்கினார்கள். அந்த வித்தியாசம் போய்விட்டதென்று 2015ல் எழுதியிருக்கிறார்கள். மனுஷர் மனசைத் திருத்துவதைவிட ஒரு தாளைக் கட்டாயமாக்குவது சுலபம், அம்மிணி. நான் சாகும்வரை இதைத்தான் சொல்வேன். உன் அப்பன் கிறுக்கு என்பான், என்னவோ சொல்லிக்கொள்ளட்டும்.

அப்படி ரிஸ்க்கைக் கூட்டிப் பார்க்கிற கேப்ரினி ஸ்கோர் நீ படித்ததுதானே. நேற்று விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வருகிற 62 வயசு அம்மாவுக்கு வயசுக்கு 2, இடுப்பெலும்புக்கு 5. கட்டிலில் ஏற்றும்போதே 7. ஐந்து வந்தாலே அதிக ஆபத்து. தறி ஓட்டி ஓட்டி நரம்புச் சுருட்டல் இருந்தால் அதற்கும் 1. காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவரா, பணம் கட்டுகிறவரா, என்ன சாதி, யார் சிபாரிசு என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது. எல்லாருக்கும் ஊசி போடு என்று நான் சொல்லவில்லை. ரத்தம் கசிகிறவருக்கும் கிட்னி சரியில்லாதவருக்கும் யோசித்துத்தான் செய்ய வேண்டும், அவர்களுக்குக் காலில் பம்ப் மாட்டலாம். கணக்கு மட்டும் ஒருவர் விடாமல் போட வேண்டும் என்கிறேன்.

விட்டுப்போகிறவர்கள் யார் என்று ரவுண்ட்ஸில் ஒருநாள் கவனித்துப் பார். அட்டெண்டர் இல்லாத ஒடிசாப் பையன். அவன் கால் வலியை எந்த பாஷையில் சொல்வான்? ஆண் டாக்டர் வந்தால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்காத அம்மாக்கள். கறுத்த காலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, தொட்டுச் சூடு பார்க்கணும், இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளக்கணும். சிசேரியன் வார்டில் வேறு கூத்து. பச்சை உடம்பு, அசையாதே என்று மாமியார். தண்ணீர் குடித்தால் தையல் ஆறாது என்று பாட்டி. பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் ஏற்கெனவே சீக்கிரம் உறையும். தண்ணீரும் கொடுக்காமல் நடக்கவும் விடாமல் வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணிடம் பேசிப் பயனில்லை, பாட்டியிடம் பேசு.

"பேஷண்ட் ரெஃப்யூஸ்டு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதே. வயிற்றில் ஊசி என்றதும் நம் சனங்களுக்கு நாய்க்கடி ஊசிதான் ஞாபகம் வரும். இது சின்ன ஊசி, எதற்குப் போடுகிறோம் என்று இரண்டு வார்த்தை சொன்னால் கையை நீட்டுகிற மாதிரி வயிற்றைக் காட்டிவிடுவார்கள். பன்றிக் குடலிலிருந்து எடுக்கிற மருந்து என்பதை மறைக்காதே. வேண்டாம் என்பவருக்கு வேறு மருந்து இருக்கிறது. டிஸ்சார்ஜ் போடும்போது ஊரைக் கேள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு 35 நாள் வரைக்கும் தடுப்பு தொடரலாம் என்கிறார்கள். பாலமலைக்காரர் தினம் ஊசிக்கு இறங்கி வருவாரா? அவருக்கு மாத்திரையாகக் கிடைக்குமா என்று பெரிய டாக்டரைக் கேள்.

தாளை இப்போதே சீஃபிடம் கொண்டுபோவதா, பரீட்சை முடிந்தபிறகு பார்த்துக்கொள்வதா என்பது உன் இஷ்டம். நான் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. பிஜி மாணவி சொன்னால் எடுபடுமா என்கிற பயம் நியாயம்தான். ஆனால் பாஸ் ஆனபிறகு கல்யாணம் என்பார்கள், அப்புறம் கோயம்புத்தூரில் கார்ப்பரேட் வேலை என்பார்கள், அங்கே கேட்கத் தெரிந்த நோயாளிகள்தான் வருவார்கள். நீ இல்லாமலே அவர்களுக்கு எல்லாம் நடக்கும். எதற்கும் உன் வசதிப்படி செய்.

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே தங்கம். நம் குடும்பத்திலேயே கெட்டிக்காரி நீதான் என்று சதுரங்காடியில் காய்க்காரம்மா வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உன் கையால் தையல் போட்டுக்கொண்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உன் அப்பனிடம் முறுக்கும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்புகிறேன், ரூமில் எல்லாருக்கும் கொடு, நீயும் தின்னு. ராத்திரி டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. மணிக்கணக்காக நிற்கிற காலுக்கு நீயே ஒரு ஸ்டாக்கிங் வாங்கிப் போட்டுக்கொள், பணம் அனுப்புகிறேன். ஆடிப்பெருக்குக்கு லீவு கிடைத்தால் வா, மீன் வாங்கி வைக்கிறேன்.

இந்தக் கடுதாசியோடு ஸ்கோர் தாள் ஒன்றை என் கையாலேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். தப்பிருந்தால் திருத்தி, நூறு காப்பி ஜெராக்ஸ் எடுத்து, திங்கட்கிழமை வருகிற முதல் அட்மிஷனிலிருந்து கேஸ் ஷீட்டில் வை.

இப்படிக்கு,
உன் அத்தை