பிள்ளையை வணிகப் பட்டப்படிப்பில் சேர்க்குமுன்

சரக்கைக் கொள்முதல் செய்யுமுன் வணிகர் மூன்று கேள்விகளைக் கேட்பார். சரக்கு எவ்வழியில் கிடைக்கும்? நம் கடைக்கு வந்து சேரும்போது அதன் அடக்க விலை என்ன? அதே சரக்கை வாங்குவோர் வேறு யார் யார்? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் முன்பணம் கொடுப்பவரை நாம் நல்ல வணிகர் என்று சொல்வதில்லை. ஆனால் பெற்ற மக்களின் மேற்படிப்பு என்று வரும்போது, இதே வணிகப் பெருமக்களில் பலர் ஒரு கேள்வியும் கேளாமலே "அது நமக்கு எட்டாது" என்று விட்டுவிடுகின்றனர். அல்லது யாரோ சொன்ன ஒரு தொகையைக் கேட்டு மலைத்து நின்றுவிடுகின்றனர். ஆகவே சிங்கப்பூரில் நடைபெறும் வணிகப் பட்டப்படிப்பை எடுத்துக்கொண்டு, அதில் சேரும் வழி, ஆகும் செலவு, உடன் படிப்போர் ஆகிய மூன்றையும் ஒரு பாடமாக இங்கே பார்ப்போம்.

கடையே போதாதா?

"கல்லாவில் உட்கார்ந்து கற்பதை எந்தக் கல்லூரி சொல்லித் தரும்?" என்று பெரியோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சரக்கின் தரத்தைக் கை பட்டவுடன் அறிவதும், கடன் கேட்டு வருபவரை முகம் பார்த்து அளப்பதும் வகுப்பறையில் வருவன அல்ல. ஆயினும் வணிகத்துக்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளி வேண்டும் என்று பொருள் கொடுத்தவர் ஒரு தொழிலதிபரே என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்க நாட்டில் நிக்கல், உருக்கு ஆகிய தொழில்களில் ஈடுபட்டிருந்த ஜோசப் வார்ட்டன் 1881 ஆம் ஆண்டில் 100,000 டாலர் நன்கொடை அளித்து, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பள்ளியை நிறுவச் செய்தார். கணக்கறையில் எடுபிடியாய் இருந்து கற்கும் பழைய முறை, பெருகிவரும் வணிகத்துக்குப் போதாது என்பது அவர் கருத்து.

சிங்கப்பூரிலோ, 1965 ஆம் ஆண்டில் அன்றைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத் துறை தொடங்கிற்று. அப்பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் 1980 இல் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆயின. 1991 இல் அமைந்த நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் வணிகமும் கணக்கியலும் கற்பிக்கப்படுகின்றன. 2000 ஆம் ஆண்டில், மேலே கண்ட வார்ட்டன் பள்ளியின் துணையோடு சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 306 மாணவர்களுடன் வணிகப் பட்டப்படிப்பைத் தொடங்கியது.

கல்விக்காகக் கை கொடுப்பது நம்மவர்க்குப் புதிதன்று. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946 இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960 இல் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்து 1982 வரை நடந்தது. அன்று பள்ளியைக் கட்டினோம். இன்று பல்கலைக்கழகத்தின் வாயிலை அறிந்துகொள்வது மட்டுமே நம் கடமை.

முதற்பாடம்: சேரும் வழி

வாயில் ஒன்றன்று, பல உண்டு.

முதல் வாயில் தொடக்கக் கல்லூரி. உயர்நிலைப் பள்ளிக்குப் பின் இரண்டாண்டு படித்து மேல்நிலைத் தேர்வு எழுதுவது. 2026 முதல் பல்கலைக்கழகத்தில் சேர்வோர்க்குக் கணக்கிடும் முறை மாறியுள்ளது. முன்பு உச்சப் புள்ளி 90, இப்போது 70. எச்2 நிலைப் பாடங்கள் மூன்றுக்கும் ஒவ்வொன்றுக்கு 20 ஆக 60 புள்ளி. பொதுத் தாளுக்கு 10 புள்ளி. நான்காம் பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்துமானால் மட்டும் சேர்த்துக்கொள்ளப்படும். தமிழில் நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு அது துணை நிற்கலாம், கெடுதல் செய்யாது. தமிழைச் சுமையென்று ஒதுக்குவோர் இதைக் கவனிப்பாராக.

இரண்டாம் வாயில் பலதுறைத் தொழிற்கல்லூரி. ஐந்து கல்லூரிகள் உள்ளன. மூன்றாண்டில் டிப்ளோமா கிட்டும். இவ்வழியில் வருவோருக்கு டிப்ளோமாவில் பெற்ற சராசரிப் புள்ளியே முதன்மையானது. அதன் உச்சம் 4. வணிகப் படிப்பில் இடம் பெற்றோரின் புள்ளி அண்மை ஆண்டுகளில் 3.7 ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்து வருகிறது. எனவே "தொழிற்கல்லூரி எளிது, பிறகு பார்த்துக்கொள்வோம்" என்ற எண்ணம் தவறு. முதலாண்டின் முதற்பருவமே கணக்கில் ஏறிவிடும்.

மூன்றாம் வாயில், கடையை விட முடியாதவர்க்கு உரியது. 2017 இல் அரசின் ஆதரவு பெற்ற தன்னாட்சிப் பல்கலைக்கழகமாக ஆன சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே பகுதி நேரமாக வணிகம் படிக்கலாம். குடிமக்களுக்கு அரசு மானியமும் உண்டு. பகலில் கடை, மாலையில் பாடம் என்றால் ஆண்டுகள் கூடும். ஆனால் வருவாய் நிற்காது.

மலேசியாவில் படிக்கும் நம் உறவினர் பிள்ளைகள் எஸ்.டி.பி.எம். தேர்வைக் கொண்டும் விண்ணப்பிக்கலாம்.

பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் முந்தைய ஆண்டில் இடம் பெற்றோரின் மதிப்பெண் அளவை வெளியிடுகின்றன. அதில் "பத்தாம் விழுக்காடு" என்று ஓர் எண் இருக்கும். அதன் பொருள் இதுவே: சேர்ந்த நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் அந்த அளவோ அதற்கு மேலோ பெற்றவர். அது சென்ற ஆண்டின் சந்தை விலை போன்றது; இவ்வாண்டுக்கு வாக்குறுதி அன்று. மதிப்பெண் மட்டுமே எல்லாம் என்றும் கொள்ள வேண்டா. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் தொடக்கம் முதலே நேர்முகத் தேர்வு நடத்தி வருகிறது. கடையில் வாடிக்கையாளரோடு பேசிப் பழகிய பிள்ளைக்கு அங்கே சொல்வதற்கு உண்மையான அனுபவம் இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். முதலிரண்டு வாயில்களும் பிரியும் இடம், பிள்ளைக்கு 16 வயது ஆகும் ஆண்டே ஆகும். அதற்கு முன்பே உயர்நிலைப் பள்ளியில் கூடுதல் கணிதத்தை விடுவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வி வந்துவிடும். வணிகப் படிப்புக்குக் கணிதத் தேர்ச்சி கேட்கப்படுவதால், அதை விடுமுன் ஆசிரியரை வினவுவது நலம். 19 வயதில் யோசிக்கத் தொடங்குபவர், கப்பல் புறப்பட்ட பின் சரக்குக் கட்டுபவரை ஒப்பார்.

இரண்டாம் பாடம்: அடக்க விலை

மேற்கூறிய மூன்று பெரிய பல்கலைக்கழகங்களில் வணிகப் படிப்புக்குச் சிங்கப்பூர்க் குடிமக்கள் செலுத்தும் கட்டணம், அரசின் கல்விக் கட்டண மானியம் போக, ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 வெள்ளி. நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் சற்றுக் கூடும். நிரந்தரவாசிக்கு இதனினும் அதிகம். வெளிநாட்டு மாணவருக்கு மானியம் கிட்டினாலும் குடிமக்களின் கட்டணத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மேலும், பட்டம் பெற்றபின் சிங்கப்பூரில் மூன்றாண்டு வேலை செய்ய அவர் கையொப்பமிட வேண்டும். மானியம் பெறாதவர்க்கு ஆண்டுக்கு 30,000 வெள்ளிக்கு மேல் ஆகும். ஊரிலிருந்து மருமகனையோ தம்பி மகனையோ வரவழைத்துப் படிக்க வைக்க நினைப்போர் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

குடிமகனின் நான்காண்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 10,000 என்றால் மொத்தம் 40,000 வெள்ளி. இதில் 90 விழுக்காடு வரை, அதாவது 36,000 வரை, கல்விக் கட்டணக் கடனாகப் பெற வழியுண்டு. பிணையாள் ஒருவர் வேண்டும். படிக்கும் காலத்தில் இக்கடனுக்கு வட்டி இல்லை. பட்டம் பெற்று வெளியேறிய பின்னரே வட்டி தொடங்கும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம்மவர்க்கு இது முக்கியமான செய்தி. நான்காண்டுக் காலத்தில் மாதம் 750 வெள்ளி எடுத்து வைத்தால் 48 மாதத்தில் 36,000 சேர்ந்துவிடும். வட்டி தொடங்குமுன் கடனைத் தீர்க்கலாம்.

மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்தும் கட்டணம் செலுத்தலாம். பிறகு பிள்ளை அதை வட்டியோடு பெற்றோர் கணக்கில் திரும்பச் செலுத்த வேண்டும். ஆனால் இங்கே சிறு வணிகர்க்கு ஒரு தடை உண்டு. சொந்தத் தொழில் நடத்துவோர் சேம நிதியில் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு மட்டுமே கட்டாயமாகச் செலுத்துகின்றனர். ஆகவே சம்பளக்காரருக்கு இருப்பது போன்ற இருப்பு நமக்குச் சாதாரணக் கணக்கில் இருக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்வதே உத்தமம்.

அடுத்தது அரசின் உதவித்தொகை. குறைந்த வருவாய்க் குடும்பத்து மாணவர்க்குப் பொதுப் பட்டப்படிப்புக் கட்டணத்தில் 50 விழுக்காடாக இருந்த உதவி, 75 விழுக்காடாக உயரும் என்று 2019 தேசிய தினக் கூட்டத்தில் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். அது 2020 இல் நடப்புக்கு வந்தது. வணிகப் படிப்பின் கட்டணம் பொதுப் படிப்பினும் சற்று அதிகமாதலால், நாம் கட்டும் மீதமும் சற்று அதிகமாகும். இவ்வுதவி மொத்த வருவாயைப் பார்த்து அன்று, தலைக்கு எவ்வளவு என்று பார்த்து வழங்கப்படுகிறது. மாதம் 6,000 வெள்ளி வரும் வீட்டில் மூவர் இருந்தால் தலைக்கு 2,000. பாட்டனார் பாட்டியாரோடு அறுவர் இருந்தால் தலைக்கு 1,000. கூட்டுக் குடும்பத்தார் "நமக்குக் கிடைக்காது" என்று தாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் வருவாயை நிறுவ வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத வணிகருக்கு வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பே சான்று. கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒரே கல்லாவில் கலந்து, வரிக் கணக்கைக் காலங்கடத்திச் செலுத்துபவர், பிள்ளையின் விண்ணப்ப நாளில் கையைப் பிசைந்து நிற்க நேரும். ஒழுங்கான பேரேடு பிள்ளையின் படிப்புக்கும் முதலீடே.

மூன்றாம் பாடம்: உடன் படிப்போர்

வகுப்பறையில் யார் இருப்பர்? முதலாவது, ஆண்பிள்ளைகள் இரண்டாண்டு தேசிய சேவை முடித்து வருவதால், அதே வகுப்பில் உள்ள பெண்பிள்ளைகளைவிடப் பெரும்பாலும் இரண்டு வயது மூத்தவர். மகனுக்கு 25 வயதை ஒட்டியே பட்டம் கையில் வரும் என்று கணக்கிட்டுக் கொள்க. மகளோ 22, 23 வயதிலேயே பட்டதாரியாகிவிடுவாள்.

இரண்டாவது, வணிகமும் கணக்கியலும் ஆண்களின் படிப்பு என்ற எண்ணம் இன்று பொருந்தாது. பல ஆண்டுகளாகவே இத்துறைகளில் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். கடைக் கணக்கைப் பார்க்க மகன் இல்லையே என்று வருந்தும் தந்தை, வீட்டிலுள்ள மகளைப் பாராதது ஏனோ?

மூன்றாவது, வெளிநாட்டு மாணவர். 2011 இல் பிரதமர் அறிவித்தபடி வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கப்பட்டது. 18 விழுக்காடாக இருந்த அவர் பங்கை 2015 க்குள் 15 விழுக்காடாக்குவது நோக்கம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடமோ பெருகியது: ஒரு வயதினரில் 2012 இல் 27 விழுக்காட்டினர்க்கு இருந்த பல்கலைக்கழக இடத்தை 2020 க்குள் 40 விழுக்காடாக்க அரசு திட்டமிட்டது. அதாவது ஐவரில் இருவர். நமக்குச் சரக்குத் தரும் மொத்த வணிகரும், வங்கி அதிகாரியும், எதிர்க்கடைக்காரரின் மகனும் பட்டதாரியாக இருக்கும் காலம் இது.

இத்தகைய வகுப்பில் பாடத்தை மனனம் செய்து தப்பிக்க முடியாது. உண்மையான நிறுவனம் ஒன்றின் சிக்கலை எடுத்துப் பேசுவர், குழுவாக உழைப்பர், வாய் திறந்து கருத்துச் சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு.

பிள்ளை திரும்புவானா?

பெற்றோர் வெளியே சொல்லாத அச்சம் ஒன்று உண்டு: படித்த பிள்ளை கடைக்குத் திரும்புவானா? இதற்கு இனிப்பான பொய் சொல்ல நாம் விரும்பவில்லை. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் பட்டதாரிகளை அழைத்துக்கொள்கின்றன. பலர் அங்கேயே நின்றுவிடுவர். ஆயினும் படிக்காத பிள்ளை கடையில் நிலைப்பான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லையே! விடுமுறையில் பிள்ளையைக் கடைக்கு அழைத்து மூட்டை தூக்கச் சொல்வதோடு நின்றுவிடாமல், பேரேட்டைத் திறந்து காட்டி, "உன் பாடப்படி இதில் என்ன குறை?" என்று கேட்கும் தந்தைக்கே அவன் திரும்பி வர வாய்ப்பு அதிகம். அவன் சொல்லும் குறையைப் பொறுமையாகக் கேட்பதும், உழைப்புக்கு உரிய சம்பளத்தைக் கணக்கில் எழுதிக் கொடுப்பதும் நம் கையில் உள்ளவை.

இனி செய்ய வேண்டியவை

பிள்ளைக்கு 14 வயது நிறைந்த வீட்டார் ஒவ்வொருவரும் ஓர் ஏட்டில் ஐந்து வரி எழுதுவாராக.

1. பிள்ளை எந்த வாயிலுக்கு ஏற்றவர்? ஆசிரியர் கருத்து என்ன?
2. பட்டம் பெறும்போது பிள்ளையின் வயது என்ன?
3. நாம் குடிமக்களா, நிரந்தரவாசியா? அதன்படி நான்காண்டுக் கட்டணம் எவ்வளவு?
4. வீட்டில் தலைக்கு வருவாய் எவ்வளவு? அதற்குச் சான்று நம் கையில் உண்டா?
5. மாதந்தோறும் எவ்வளவு எடுத்து வைக்க முடியும்?

கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. ஆகவே சேரும் ஆண்டின் பட்டியலைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டுச் சரிபார்த்துக்கொள்க. இந்த ஐந்து வரியையும் எழுதிய பின் "இது வேண்டா" என்று ஒரு தந்தை முடிவு செய்தால் அது வணிகரின் முடிவு. அதை நாம் மதிப்போம். எழுதிப் பாராமலே விடுவதை மட்டும் ஏற்க முடியாது. பத்து வெள்ளிச் சரக்குக்கு மூன்று கடை ஏறி விலை கேட்கும் நாம், பெற்ற பிள்ளையின் வாழ்வுக்கு ஒரு முறையேனும் விசாரித்துப் பார்ப்போமாக.