வீட்டில் செய்யும் பால்வினை நோய்ச் சோதனை: எதைக் கூறும், எதைக் கூறாது?

பாலுறவின் வழி பரவும் நோய்களைப் பற்றி நம் தோட்டப்புறங்களில் வாய்திறந்து பேசுவோர் மிகச் சிலரே. வெட்டை என்றும் மேகம் என்றும் பழம்பெயர்கள் வழங்கினாலும், அவை உடற்சூட்டினால் உண்டாவன என்னும் எண்ணம் இன்னும் முற்றாக மறையவில்லை. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டவர் இளநீரும் வெந்தயமும் உட்கொண்டு, எரிச்சல் தணிந்ததும் நோய் நீங்கிற்று என அமைதி கொள்கிறார். உண்மையில் வெட்டை நோய் சூட்டினால் வருவதன்று. அதற்குரிய கிருமியை 1879-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஆல்பெர்ட் நைசர் கண்டறிந்தார். மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் நோயின் கிருமி 1905-இல் கண்டறியப்பட்டது. இளநீர் உடலுக்கு நல்லதே. ஆனால் இக்கிருமிகளை அது ஒன்றும் செய்யாது.

அறியாமை மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. கிளினிக்கில் வரிசையில் அமர்ந்திருப்போர் யாவரும் தெரிந்தவர்கள்; பெயர் பதிபவர் உறவினராகவும் இருக்கக்கூடும். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும் லயத்தில் வாழ்வோருக்கு இந்த அச்சம் பொருளற்றதன்று. எவர் கண்ணிலும் படாமல், வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு செய்யத்தக்க சோதனை, இந்தத் தயக்கத்தைக் கடக்க உதவும் ஒரு வழியாகும். எச்.ஐ.வி. கிருமிக்கான சுயசோதனையை உலகச் சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. சிபிலிஸ் நோய்க்கான சுயசோதனையை 2024-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. மருந்துக்கடையில் இவற்றை வாங்குவோர், பெட்டி மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்பதைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

எச்.ஐ.வி. சோதனை இருவகைப்படும். ஒன்றில் ஈறுகளின் மேல் ஒரு துடைப்பானை மெல்லத் தேய்த்து எடுப்பர். மற்றொன்றில் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பர். வாய்நீரில் சோதிப்பதால் எச்சில் வழி நோய் பரவும் என்று எண்ணிவிடக் கூடாது. சோதனை தேடுவது கிருமியை அன்று; கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையே தேடுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் இருத்துக. பின்னால் கூறப்போவது யாவும் இதனைச் சார்ந்ததே.

வாய்நீர்ச் சோதனைக்கு முன் பெட்டியில் குறித்துள்ள நேரம்வரை எதையும் உண்ணவோ பருகவோ கூடாது. வெற்றிலைபாக்கும் உணவாகவே கொள்ளப்படும். பெட்டியை அடுப்புக்கு அருகிலோ, வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வைத்தலும் தவறு. குறித்த நேரம் கழிந்த பின்னரே கோடுகளைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. 'சி' என்னும் இடத்தில் கோடு தோன்றாவிட்டால் சோதனை செல்லாது. 'டி' என்னும் இடத்தில் மிக மங்கலாகத் தோன்றினாலும் அதனைக் கோடு என்றே கொள்ள வேண்டும்.

வெட்டை நோயையும் கிளமிடியா நோயையும் எதிர்ப்புப் பொருளைக் கொண்டு இவ்வாறு அறிய இயலாது. அவற்றிற்கு ஆண்கள் சிறுநீரையும், பெண்கள் பிறப்புறுப்பினுள் துடைப்பானால் எடுத்த மாதிரியையும் ஆய்வுக்கூடத்திற்கு அளித்தல் வேண்டும். பெண் தானே எடுக்கும் மாதிரி, மருத்துவர் எடுப்பதற்கு ஈடாகவே பயன்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமியைக் கண்டறிய நம் நாட்டுப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் எவ்வித அறிகுறியும் காட்டாமல் இருந்து, பின்னர்ப் பிள்ளைப்பேறு இல்லாமைக்குக் காரணமாகலாம். 'உடம்பில் ஒன்றுமில்லையே' என்பது இந்நோயைப் பொறுத்தவரை சான்றாகாது.

காலத்திற்கு முன் செய்த சோதனை

செம்பனைக் குலை லாரி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்ச் முதல் தேதி வெளியூரில் பாதுகாப்பற்ற உறவு கொண்டார். பத்தாம் தேதி எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டிற்கும் வீட்டில் சோதித்தார். 'டி' கோடு தோன்றவில்லை. மனம் தெளிந்தது. மனைவி இரண்டு மாதக் கருப்பவதி. கிளினிக்கில் அவருக்கு இரத்தம் சோதித்துக் குறையில்லை எனக் கூறிவிட்டனர். மார்ச் இறுதியில் கணவரின் உறுப்பில் சிறு புண் ஒன்று தோன்றுகிறது. வலியில்லை; ஏப்ரல் முடிவதற்குள் தானே ஆறிவிடுகிறது.

புண் ஆறினாலும் நோய் ஆறவில்லை. சிபிலிஸ் கிருமி இரத்தத்தில் கலந்து மறைந்து வாழ்வது இவ்வாறே. பத்தாம் தேதிச் சோதனை தவறானதன்று. அன்று எதிர்ப்புப் பொருள் அவர் உடலில் இன்னும் உண்டாகியிருக்கவில்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டிற்கும் மூன்று மாதம், அதாவது மே இறுதி கடந்து மீண்டும் சோதித்த பின்னரே அவர் மனம் தெளியலாம். அதுவரை ஆணுறை அவசியம். புண் கண்டவுடனோ, கோட்டுக்காகக் காத்திராமல் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயம் இருப்பின், உறவு நிகழ்ந்து 72 மணி நேரத்திற்குள் மருத்துவமனையை அடைந்தால், 28 நாள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. அந்த மூன்று நாளைச் சோதனைப் பெட்டி தேடுவதில் கழித்துவிடலாகாது.

மனைவியின் நிலையே பெருங்கவலைக்குரியது. முதல் சோதனைக்குப் பின் கணவரிடமிருந்து சிபிலிஸ் தொற்றினால், குறையில்லை என்ற பழைய முடிவு கருவிலுள்ள குழந்தையைக் காக்காது. குழந்தை இறந்து பிறக்கவும் நேரிடலாம். தாய்க்கு உரிய காலத்தில் பெனிசிலின் ஊசி போட்டால் இதனைத் தடுக்க முடியும். கருவுற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. சோதனை 1998-ஆம் ஆண்டு முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் நடைபெற்று வருகிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென 2018-இல் மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதனை முதலில் பெற்ற நாடும் இதுவே. ஆயினும் இந்த லாரி ஓட்டுநர் தம் மனைவியிடம் உண்மையைக் கூறாவிடில், தாதி மறுமுறை சோதிக்க வேண்டிய காரணத்தை எங்ஙனம் அறிவார்?

கோடு தோன்றினால்

எச்.ஐ.வி.க்குக் கோடு தோன்றியதும் நோய் உறுதியாயிற்று என முடிவு செய்தல் கூடாது. கிளினிக்கில் வேறு சோதனைகளால் உறுதிப்படுத்திய பின்னரே அது முடிவாகும். உறுதியானாலும், மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர் நெடுங்காலம் வாழ்கின்றனர். கிருமி அளவிட முடியாதபடி குறைந்திருக்கும்வரை உறவின் வழி பிறருக்குப் பரவுவதும் இல்லை. ஏற்கெனவே மருந்து உண்போர் இச்சோதனையைச் செய்யலாகாது. கோடு தோன்றாமல் ஏமாற்றக்கூடும். சிபிலிஸ் சோதனையிலோ, முன்பு சிகிச்சை பெற்றுக் குணமானவருக்கும் பல ஆண்டுகள் கழித்துக் கோடு தோன்றுவதுண்டு. எனவே பழைய சிகிச்சையின் விவரத்தை மருத்துவரிடம் கூற வேண்டும்.

கோட்டைக் கண்டு கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது வீண் வேலை. வெட்டைக் கிருமி பல மருந்துகளுக்கு இன்று அடங்குவதில்லை. கணவன், மனைவி இருவரும் ஒருங்கே சிகிச்சை பெறாவிடில், குணமானவருக்கு மற்றவரிடமிருந்தே நோய் திரும்ப வரும். மேலும், இச்சோதனையைத் தானே விரும்பிச் செய்ய வேண்டும். மனைவியை வற்புறுத்திச் சோதித்துவிட்டுக் கோட்டைக் காட்டிச் சண்டையிடுவதற்கு இது கருவியன்று.

தெரிந்தவர் கண்ணில் படுவோமே எனத் தயங்குவோர் அடுத்த ஊர்க் கிளினிக்கிற்குச் செல்லலாம். பெயரைத் தெரிவிக்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளும் வசதி அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் உண்டு. செல்லும்போது உறவு நிகழ்ந்த தேதியையும் வீட்டில் சோதித்த தேதியையும் ஒரு துண்டுத்தாளில் குறித்து எடுத்துச் செல்க. விரலில் குத்திய ஊசியைச் சிறுவர் கைக்கு எட்டாதவாறு மூடியுள்ள டின்னில் இட்டு வைத்து, அதனையும் உடன் கொண்டு சென்று கிளினிக்கில் ஒப்படைக்கலாம்.