வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்று பெரியோர் சொல்வார்கள். மொட்டைத்தளத்திற்கு நேர்கீழே உள்ள வகுப்பில் படிக்கும் எங்களுக்கு அந்தப் பழமொழியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மதிய உணவு மணிக்குப் பிறகு எங்கள் மின்விசிறிகள் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தருவது அனல் காற்றைத்தான். ஆகவே சென்ற மார்ச் மாதம் பிளஸ் ஒன் மாணவியர் அனைவரும் கையெழுத்திட்டு, எங்கள் வகுப்பிற்கு ஏ.சி. இயந்திரம் பொருத்தித் தரவேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதினோம்.

தலைமையாசிரியை சிஸ்டர் அதைப் பொறுமையாகப் படித்தார்கள். கோபப்படவில்லை. "பிள்ளைகளே, இந்த அறையிலிருந்து எடுக்கும் உஷ்ணத்தை அந்த இயந்திரம் எங்கே கொண்டுபோய்ப் போடும்? அதை எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு பேசுவோம்" என்றார்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடைதான் இந்தக் கட்டுரை.

குளிர் எங்கிருந்து வருகிறது?

முதலில் நாங்கள் கற்றுக்கொண்டது, குளிர் என்று ஒரு பொருளை யாரும் உண்டாக்குவதில்லை என்பதாகும். வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு மாற்றுகிறோம், அவ்வளவே. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஏ.சி. இயந்திரத்திலும் ஒரு திரவம் குழாய்க்குள் ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த ஆவியை ஒரு மோட்டார் அழுத்திச் சூடாக்குகிறது. வெளியே உள்ள பெட்டியில் அது மீண்டும் திரவமாகி, தான் சுமந்து வந்த வெப்பத்தை இறக்கிவைக்கிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1 பங்கு மின்சாரத்தைக் கொண்டு 3 பங்கு வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கும் இயந்திரம், வெளியே 4 பங்கு வெப்பத்தைக் கொட்டும். மோட்டார் செலவழித்த மின்சாரமும் முடிவில் வெப்பமாகத்தானே மாறவேண்டும்?

வெளிப்பெட்டியை வைக்க நாங்கள் இடம் பார்த்தோம். எங்கள் பின்பக்கச் சன்னலுக்குக் கீழே ஒரு தாழ்ந்த தளம் இருக்கிறது. அதை விட்டால் வேறு இடமில்லை. அந்தத் தளத்தின் அடியில் இருப்பது ஆயாம்மாவின் அறையும் பக்கத்தில் சாமான் அறையும். ஆயாம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்து பள்ளி முழுவதையும் பெருக்கிவிட்டு, பிற்பகலில் ஒரு மணி நேரம் அந்த அறையில்தான் தலைசாய்ப்பார்கள். எங்கள் நான்கு பங்கு வெப்பம் அவர்கள் தலைக்குமேல் இறங்கும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கையெழுத்திட்ட எங்களில் பலர் அன்று மாலை வாய் பேசாமல் வீடு திரும்பினோம்.

ஒரு தெருவில் நடப்பது உலகத்திலும் நடக்கிறது

எங்கள் சிறு தளத்தில் நடக்கவிருந்தது உலக அளவிலும் நடந்துகொண்டிருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் செலவாகும் மின்சாரத்தில் சுமார் 10 சதவிகிதம் ஏ.சி. இயந்திரங்களுக்கும் மின்விசிறிகளுக்கும் போகிறது. அப்போது 160 கோடியாக இருந்த ஏ.சி. இயந்திரங்கள் 2050இல் 560 கோடியாகும் என்றும் அது கணித்தது. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்து வருமானால், குளிருக்காக நாம் எரிப்பதே பூமியை மேலும் சூடாக்கும்.

குழாய்க்குள் ஓடும் வாயுக்களின் கதையும் படிப்பினை நிறைந்தது. குளோரோஃபுளோரோகார்பன் என்னும் வாயுக்கள் வான்மண்டலத்தின் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று 1974ஆம் ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஷெர்வுட் ரோலண்ட், மரியோ மொலீனா ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1995இல் அவ்விருவருக்கும் பால் குருட்ஸனுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றிற்குப் பதிலாக வந்த வாயுக்களில் பல ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் அவற்றில் சில, எடைக்கு எடை பார்த்தால், கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கவல்லவை. அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் நாடுகள் ஒப்புக்கொண்டன.

அப்படியானால் மின்சாரமும் இல்லாமல், வாயுவும் இல்லாமல், அண்டை வீட்டார்மேல் வெப்பத்தைக் கொட்டாமல் குளிர்விக்க வழி உண்டா? வெப்பத்தைக் கொட்டுவதற்கு யாருக்கும் தீங்கில்லாத ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நம் தலைக்குமேலேயே இருக்கிறது.

வானத்தைக் கொண்டு ஐஸ் செய்தவர்கள்

1775ஆம் ஆண்டு சர் ராபர்ட் பார்க்கர் என்பவர் லண்டன் ராயல் சொஸைட்டியின் இதழில் ஓர் அதிசயத்தை எழுதினார். அலகாபாத் பக்கத்தில் மக்கள் தரையில் ஆழம் குறைந்த அகன்ற குழிகளை வெட்டி, அவற்றில் காய்ந்த கரும்புத் தட்டைகளைப் பரப்பி, அதன்மேல் சிறு மண்தட்டுகளில் நீரை ஊற்றி, குளிர்கால மாலையில் வைத்துவிடுவார்கள். விடிவதற்குள் தட்டுகளில் ஐஸ் உறைந்திருக்கும். சுற்றியுள்ள காற்று உறைநிலைக்கு இறங்காத இரவுகளிலும் இது நடந்தது.

எப்படி? சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. நம் காற்றுமண்டலம் அக்கதிர்களில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் 8 முதல் 13 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிர்களை மட்டும், வானம் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் தடுப்பதில்லை. அதை நாம் வானத்துச் சன்னல் என்று சொல்லலாம். அதற்கு அப்பால் உள்ள விண்வெளியோ பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 270 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கிறது. தட்டிலிருந்த நீர் தன் வெப்பத்தை அந்தச் சன்னல் வழியாக விண்வெளிக்கு அனுப்பியது. தரையின் வெப்பம் மேலே ஏறாதபடி கரும்புத் தட்டை தடுத்தது. மண்தட்டில் கசிந்து ஆவியான நீரும் சிறிது துணைசெய்தது.

இரவில் இது எளிது. பகலில்தானே நமக்குக் குளிர்ச்சி வேண்டும்? அங்கேதான் சிக்கல்.

பகலில் ஏன் முடியவில்லை?

கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. அதே தளம் வானத்துச் சன்னல் வழியாக வெளியே அனுப்பக்கூடியது, உலர்ந்த தெளிந்த வானில், ஏறத்தாழ 100 வாட். சாதாரண வெள்ளைப் பெயிண்ட் வெயிலில் 85 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 150 வாட் உள்ளே வந்துவிடுகிறது. வரவு 150, செலவு 100. ஆகவே தளம் சூடாகிறது. திருப்பி அனுப்புவது 95 சதவிகிதமானால் வரவு 50, செலவு 100. தளம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிரத் தொடங்கும்! கடைசிப் பத்து மதிப்பெண்ணில் முதல் வகுப்பும் தோல்வியும் இருப்பதைப்போல, இந்தக் கடைசிப் பத்து சதவிகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தப் பத்து சதவிகிதத்தை 2014ஆம் ஆண்டு வென்றவர்கள், அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான்ஹுயி ஃபான், ஆஸ்வத் ராமன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும். வெள்ளிப் பூச்சின்மேல் சிலிக்கன் டை ஆக்ஸைடு, ஹாஃப்னியம் டை ஆக்ஸைடு ஆகியவற்றை மாற்றி மாற்றி ஏழு மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்தார்கள். அடுக்குகள் ஏழும் சேர்ந்து 2 மைக்ரான் கனம்கூட இல்லை. அது வெயிலில் 97 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பி, நேர் வெயிலிலேயே சுற்றுக்காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்து நின்றது. மின்சாரம் ஒரு துளியும் இல்லை. ஆனால் இத்தகைய அடுக்குகளை ஒரு வீட்டின் கூரை முழுவதும் படியவைப்பது எளிய வேலையல்ல.

வீட்டுச் சுண்ணாம்பும் பல்கலைக்கழகமும்

இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் பேராசிரியர் சியூலின் ருவானும் அவருடைய மாணவர்களும் தூரிகையால் அடிக்கக்கூடிய பெயிண்ட்டாகவே செய்துவிட முயன்றார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்து, அவற்றைப் பத்தாகச் சுருக்கி, தேறியவற்றில் ஒவ்வொன்றையும் சுமார் ஐம்பது விதமாகக் கலந்து பார்த்தார்கள். 2020இல் அவர்கள் வெளியிட்ட பெயிண்ட் 95.5 சதவிகித வெயிலைத் திருப்பியது. 2021இல் பேரியம் சல்ஃபேட்டைக் கொண்டு செய்தது 98.1 சதவிகிதத்தைத் திருப்பியது. ஒரே அளவுள்ள துகள்களைப் போடாமல் சிறிதும் பெரிதுமாகப் போட்டதுதான் இரகசியங்களுள் ஒன்று. வெயிலில் பல அலைநீளங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அளவுத் துகளும் ஒவ்வோர் அலைநீளத்தை நன்றாகச் சிதறடிக்கும்.

2020ஆம் ஆண்டுப் பெயிண்ட்டில் அவர்கள் பயன்படுத்திய பொருள் எது தெரியுமா? கால்சியம் கார்பனேட்! இதைப் படித்தபோது நாங்கள் துள்ளிக் குதித்தோம். நம் வீடுகளுக்குப் பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளை அதுதானே? கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. நீர் விட்டுத் தாளித்தால் கால்சியம் ஹைட்ராக்ஸைடு. சுவரில் அடித்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே ஆகிறது. நம் பாட்டிமார் இந்தச் சமன்பாட்டை எழுதியதில்லை. ஆனால் செய்துவந்தார்கள்.

இருந்தாலும் இரண்டும் ஒன்றே என்று சொல்வது உண்மைக்கு மாறானது. பல்கலைக்கழகப் பெயிண்ட்டில் துகள்களின் அளவும் அடர்த்தியும் அளந்து அமைக்கப்பட்டவை. நம் வெள்ளையில் அப்படி இல்லை; தூசியும் அழுக்கும் சேர்ந்தால் அதன் திறன் இன்னும் குறையும். இந்த முறை முழுவதற்குமே வரம்புகளும் உண்டு. கடற்கரை ஊர்களைப்போல் காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் வானத்துச் சன்னல் பாதி மூடிக்கொள்ளும். மேகம் வந்தால் முழுவதும் மூடும். பல மாடிக் கட்டிடத்தில் மேல்மாடிக்குத்தான் பயன் மிகுதி. அறையின் புழுக்கத்தையும் இது போக்காது. ஆகவே மருத்துவமனைகளுக்கும், கடும் வெயிலில் வாடும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ஏ.சி. இயந்திரம் வேண்டியதுதான். ஆனால் கூரை குளிர்ந்திருந்தால் அந்த இயந்திரத்தின் வேலை குறையும்.

நாங்கள் செய்தது

நாங்கள் சிஸ்டரிடம் திரும்பிப் போனோம். முதல் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்று கேட்டோம்: பின்பக்கத்துத் தாழ்ந்த தளத்தில் ஆயாம்மாவின் அறைக்கு மேலுள்ள பாதிக்கு மட்டும் வெள்ளையடிக்க அனுமதி. சாமான் அறைக்கு மேலுள்ள பாதியை அப்படியே விட்டுவிட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமல்லவா?

வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கினோம். தாளிக்கும் வேலையைக் கொத்தனாரே செய்தார். அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் யாரும் தனியே செய்யக்கூடாது. பிடிப்புக்குக் கஞ்சி சேர்த்தோம். "நீலம் போடவில்லையா?" என்று கொத்தனார் கேட்டார். நீலம் கண்ணுக்குப் பளிச்சென்று காட்டினாலும் வெயிலில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும் என்பதை விளக்கினோம். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். தளத்தைக் கழுவி, காயவைத்து, மூன்று கை அடித்தார்.

பிறகு பத்து நாட்கள், பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு அறைகளிலும் வெப்பமானியை வைத்துக் குறித்தோம். ஒவ்வொரு நாளும் ஆயாம்மாவின் அறைதான் குறைவாகக் காட்டியது. வெளிக்காற்றைவிடக் குறைவாக ஒருநாளும் இறங்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். எங்கள் வெள்ளை பல்கலைக்கழக வெள்ளை ஆகிவிடவில்லை. ஜூன் மாதத்து மழையில் ஒரு மூலை கரைந்தும் போயிற்று.

ஆனால் ஒரு நாள் ஆயாம்மா எங்களை அழைத்து, "கண்ணுங்களா, மேலே கையை வச்சுப் பாருங்க" என்று தம் கட்டிலின்மேல் ஏறச்சொன்னார்கள். முன்பெல்லாம் மாலையில் தொட்டால் சுடும் கூரை, அன்று சுடவில்லை. வெப்பமானி சொன்னதை எங்கள் உள்ளங்கையும் சொல்லிற்று.

ஆண்டுதோறும் கோடை தொடங்குமுன் எல்லா மொட்டைத்தளங்களுக்கும் வெள்ளையடிக்க இப்போது பள்ளி நிர்வாகம் இசைந்திருக்கிறது. அதில் எங்கள் வகுப்பின் தளமும் அடங்கும். அடுத்த மார்ச்சில் நாங்கள் பிளஸ் டூ முடித்துக் கிளம்பிவிடுவோம். அந்த இருக்கைகளில் அமரப்போகும் தங்கைகளே, அளப்பதை நிறுத்திவிடாதீர்கள். வெப்பமானி இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் அலமாரியில் இருக்கிறது. நாங்கள் குறித்த நோட்டும் அதனருகிலேயே இருக்கிறது.

1922ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரின் ராயல் தொழில்நுட்பக் கல்லூரியில், மோட்டார் இல்லாமல் வெப்பத்தைக் கொண்டே குளிர்விக்கும் பெட்டியைக் கண்டுபிடித்த பால்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் மன்டெர்ஸ் இருவரும் அப்போது மாணவர்களே. மழையில் கரையாத, தூசியில் மங்காத, ஏழை வீட்டிற்கும் விலை கட்டுப்படியாகும் வெள்ளை இன்னும் தேவைப்படுகிறது. அதைச் செய்பவள் நம் பள்ளி நோட்டில் முதல் கணக்கை எழுதியவளாக ஏன் இருக்கக்கூடாது?