மாற்றியவர் யார்?

நுழையும்முன்

பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்துபவர் அதனருகே சுருக்கொப்பம் இடுவது அலுவலக நடைமுறை. கணினியின் தரவுத்தளத்தில் செய்யப்படும் திருத்தத்திலோ அடித்தல், எழுதுதல் ஆகிய தடம் எதுவும் தெரிவதில்லை. அங்கு மாற்றம் செய்தவரை அறியும் வழி யாது?

உறுப்புகளும் மாற்றமும்

தரவுத்தளம் என்பது தகவல்களின் தொகுப்பு மட்டும் அன்று. தகவல்களைத் தாங்கும் அட்டவணைகளும் அவற்றைக் கணக்கிட்டுத் தரும் செயல்முறைகளும் அதன் உறுப்புகளாகும். ஒரு மாணவரின் மதிப்பெண் தவறாகப் பதிவானால் அப்பிழை அவரோடு நின்றுவிடும். கூட்டுத்தொகை காணும் செயல்முறையில் ஒரு வரி பிழையாக மாறினால் அனைவருடைய முடிவும் பிறழும். எனவே, உறுப்புகளில் நிகழும் மாற்றங்களைத் தனியே கண்காணித்தல் வேண்டும்.

நாள் உண்டு, பெயர் இல்லை

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சர்வரை எடுத்துக்கொள்வோம். ஓர் உறுப்பு உருவான நாளையும் இறுதியாக மாற்றப்பட்ட நாளையும் அதன் உட்பட்டியல் காட்டும். மாற்றியவர் பெயரைக் காட்டாது. அம்மென்பொருள் தானாக எழுதும் சுவடுக் கோப்புகளில் பெயர் கிடைக்கக்கூடும். ஆயினும், ஐந்து கோப்புகளே பேணப்படுகின்றன. புதியது தோன்றும்போது பழையது நீங்கிவிடும். காலம் தாழ்த்தித் தேடுவோர்க்கு விடை கிடைப்பதில்லை.

தூண்டியும் தணிக்கையும்

உறுப்புகளை உருவாக்கும், மாற்றும், நீக்கும் கட்டளைகளின்போது தானே இயங்கும் ‘தூண்டி’ என்னும் நிரல்வகை, 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமானது. கட்டளையிட்டவரின் பயனர் பெயர், நேரம், உறுப்பின் பெயர், கட்டளையின் வாசகம் ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதுமாறு அதனை அமைக்கலாம். 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த தணிக்கை வசதி, இத்தகைய பதிவுகளைத் தரவுத்தளத்திற்கு வெளியே கோப்பாகச் சேமிக்கிறது. இவ்விரண்டும் முன்கூட்டியே அமைக்கப்பட வேண்டியவை. அமைப்பதற்கு முன் நிகழ்ந்தவற்றை அவை அறியா.

பொதுப்பெயரால் வரும் கேடு

பலரும் ஒரே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பகிர்ந்துகொண்டால் பதிவு இருந்தும் பயனில்லை. மாற்றத்தைச் செய்தவர் மறைந்துகொள்வார். செய்யாதவரும் ஐயத்திற்கு உள்ளாவார். ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் நுழையும்போதுதான் தவறு நேர்ந்த இடம் புலப்படும். தவறு செய்யாதவர் வீண்பழியிலிருந்து காக்கப்படுவார். முந்தைய கட்டளைகளின் வாசகமும் பதிவில் இருந்தால், பிழையான செயல்முறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் எளிதாகும்.

கற்பவை கற்றபின்

1. கணினி ஆய்வகத்தில் அனைவரும் ஒரே பயனர் பெயரைப் பயன்படுத்துவதால் எழும் சிக்கல்கள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. பள்ளி நூலகப் பதிவேட்டில் செய்யப்படும் திருத்தங்களைக் குறித்துவைக்க ஓர் அட்டவணையை வடிவமைக்க.