மொட்டை மலை காடானது

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடி என்னும் மலைப்பகுதி உள்ளது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய ஆதிவாசி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். பவானியும் சிறுவாணியும் அங்கே ஓடுகின்றன.

முன்பு அங்கே அடர்ந்த காடு இருந்தது. பிறகு மரங்களை வெட்டினார்கள். ஆதிவாசிகளின் நிலங்கள் பிறர் கைக்குப் போயின. கிழக்குப் பகுதியில் மழையும் குறைவு. பெய்த மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. மலை மொட்டையானது. ஓடைகள் வறண்டன.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரி இதைக் கண்டு வருந்தினார். 1980-களில் நண்பர்களோடு அட்டப்பாடி சென்றார். பொம்மியாம்படியில் ஒரு மொட்டை மலையில் வேலை தொடங்கியது. ஆதிவாசி மக்கள் சேர்ந்து உழைத்தார்கள். மரங்களை வளர்த்தார்கள். மலை மீண்டும் காடானது. அதன் பெயர் கிருஷ்ணவனம்.

1996-இல் கேரள அரசு அட்டப்பாடி முழுவதற்கும் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. ஜப்பான் நாடு கடன் தந்தது. ஊர்க் குழுக்கள் வேலை செய்தன. வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளம் ஆற்றில் மீண்டும் தண்ணீர் வந்தது.

வறண்ட நிலத்தை மீட்பது எப்படி?

1. சரிவுக்குக் குறுக்கே கல்லடுக்கி வரப்புப் போடலாம். மழைநீர் அங்கே தங்கி மண்ணுக்குள் இறங்கும்.

2. சருகை எரிக்காமல் மண்மேல் பரப்பலாம். ஈரம் காயாது. சருகு மட்கி உரமாகும்.

3. வேம்பு, புங்கம், நெல்லி, மூங்கில் போன்று அந்த மண்ணுக்கு ஏற்றவற்றை நடலாம்.

4. கன்று வளரும்வரை ஆடுமாடு நுழையாமல் வேலி கட்டலாம்.

5. மரம், செடி, கொடி, கிழங்கு எல்லாவற்றையும் கலந்து வளர்க்கலாம். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இவ்வாறு இயற்கையோடு இணைந்து பயிர் செய்வதைப் பெர்மாகல்ச்சர் என்பார்கள். நிலைத்த வேளாண்மை என்பது பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரென் ஆகிய இருவரும் 1970-களில் இந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் கலப்புப் பயிர் நமக்குப் புதியது அல்ல. அட்டப்பாடி மக்கள் ராகி, சாமை, துவரை, கீரை ஆகியவற்றைக் கலந்தே விதைத்து வந்தார்கள்.

நிலம் பச்சையானால் மட்டும் போதுமா? போதாது. 2013-இல் அட்டப்பாடியில் பல கைக்குழந்தைகள் இறந்தன. தாய்மாருக்குச் சத்தான உணவு கிடைக்காதது ஒரு முக்கியக் காரணம். நிலம் கைவிட்டுப் போனது. ராகியும் சாமையும் குறைந்துபோயின. அவற்றை மீண்டும் பயிரிட 2017-இல் அரசு சிறுதானியத் திட்டம் தொடங்கியது.

மரம் வேண்டும். தண்ணீர் வேண்டும். அங்கே வாழும் மக்களுக்கு நிலமும் சோறும் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால்தான் நிலம் மீண்டது என்று சொல்லலாம்.

சிந்திப்போம்

1. அட்டப்பாடி மலை ஏன் மொட்டையானது?
2. சருகை எரிப்பதால் என்ன நட்டம்?
3. உங்கள் ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலம் எது? அது யாருக்குச் சொந்தம்? அங்கே என்ன வளர்க்கலாம்? கூடிப் பேசி எழுதுங்கள்.